சுத்தமான நான்கு பேலட்டுகள்

1

2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. அரிசோனாவின் நொகாலெஸ் எல்லைச் சாவடியில் மாம்பழம் ஏற்றிய குளிர்பதன லாரி ஒன்று வரிசையிலிருந்து விலக்கப்பட்டு ஓரமாக நிறுத்தப்பட்டது.

இந்தக் கதை அங்கே பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. அது பொய். அதே நாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஒரு சுங்க ஏஜென்டின் மேசையில், நான் எழுதிக்கொடுத்த கடிதத்தில் பிறந்தது. ஒரு பக்கக் கடிதம். அதில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டிருந்தால் ஒப்துலியா புவெல்னாவின் மாம்பழம் சிகாகோவுக்குப் போயிருக்கும். உங்கள் கையில் இந்தக் கதை இருக்காது.

கடிதத்தை இங்கிலீஷில் எழுதினேன். கதையைத் தமிழில் எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. கடைசியில் வரும்.

2

முதல் வரிக்காக அடித்துத் திருத்தியவை:

"மாம்பழத்துக்கு எல்லை தெரியாது." — அடித்துவிட்டேன். நன்றாகவே தெரியும். எல்லைக்காகத்தான் அதை எழுபத்தைந்து நிமிடம் வெந்நீரில் முக்கி வைக்கிறார்கள். பழத்துக்குள் ஈயின் முட்டை இருந்தால் சாகட்டும் என்று. அதை ஓர் ஆய்வாளர் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்துக் குறிக்கிறார்.

"ஒப்துலியா ஒரு போராளி." — இதையும் அடித்துவிட்டேன். அவர் காதில் விழுந்தால், "போராட எனக்கு எங்க நேரம், பத்து மணிக்கு லாரி வருது" என்பார்.

"தடையற்ற வணிகம் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாள் காலையில் இந்தச் சாவடியில் வந்து" — இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் கதை கட்டுரையாகிவிடும். ஆனால் அடிக்கவும் மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

சரி, விவரத்திலிருந்தே தொடங்குகிறேன். நொகாலெஸில் பத்தொன்பது வருடமாகக் காய்கனி வியாபாரிகளுக்கான ஒரு வாரப் பத்திரிகையில் எழுதி வருகிறேன். தக்காளி என்ன விலை, வெள்ளரி எத்தனை லாரி, சாவடியில் எத்தனை மணி நேரம் காத்திருப்பு. படிப்பவர்கள் விலையை மட்டும் படித்துவிட்டுப் பத்திரிகையை மேசைமேல் விரித்து அதில் வைத்துச் சாப்பிடுவார்கள்.

அந்த வேலையில்தான் ஒப்துலியாவைத் தெரியும். மெக்சிகோவில், சினலோவா மாநிலத்தின் தென்கோடியில் எஸ்குயினாபா ஊர். ஐம்பத்திரண்டு வயது. பதினொரு வருடமாக அவருடைய கொட்டகையில் மாம்பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். ஆனால் பெட்டி அவருடையதாக இருந்ததில்லை. ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனி நீலப் பெட்டிகளைக் கட்டுக்கட்டாக அனுப்பும். இவர் நிரப்பித் திருப்பி அனுப்புவார். சிகாகோவில் அந்தப் பழத்தை வாங்கித் தின்பவருக்கு ஒப்துலியா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது.

சொந்தப் பெயரில் அனுப்ப வேண்டுமானால் சொந்த வெந்நீர்த் தொட்டி வேண்டும், அதற்கு அங்கீகாரம் வேண்டும். மூன்று வருடம் அலைந்தார். வெப்பமானி நிறுவனம் மாறிவிட்டது என்று ஒரு வருடம் போனது. வரைபடத்தில் வடிகால் எந்தப் பக்கம் என்று காட்டவில்லை என இன்னொரு வருடம். அங்கீகாரம் வந்த வாரம் நான் அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அதை வெட்டித் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். நீராவியில் எழுத்து கலங்கிப்போயிருந்தது.

ஓரமாக நிறுத்தப்பட்ட அந்த லாரியில் இருந்தவை மஞ்சள் பெட்டிகள். சிவப்பு எழுத்தில் 'புவெல்னா'. அந்தப் பெயரில் எல்லைக்கு வந்த முதல் லாரி. சிகாகோவின் மொத்த வியாபாரி தெளிவாகச் சொல்லியிருந்தார்: வெள்ளிக்கிழமைக்குள் நல்லபடி வந்தால் பருவம் முழுக்கப் புவெல்னா பெட்டி, வராவிட்டால் பழையபடி நீலப் பெட்டியிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கதையில் பணயம் அவ்வளவுதான். ஒரு பெயர், ஒரு பெட்டி.

3

பழத்தில் குற்றம் இல்லை. வெந்நீர்ச் சான்று சரி, எடை சரி, பதினோரு தாள்களில் பதினொன்றும் சரி. குற்றம் பழத்தின் அடியில் இருந்தது.

பெட்டிகளை அடுக்கிக் கட்டும் மரச்சட்டத்தைத் துறையில் பேலட் என்போம். ஒரு லாரிக்கு இருபத்திரண்டு. மரத்துக்குள் வண்டு ஒளிந்து நாடு விட்டு நாடு போகும் என்பதால் பேலட் மரத்தைச் சூளையில் வைத்துச் சூடாக்குவார்கள். ஆக்கியதற்கு அடையாளமாக இரண்டு பக்கத்திலும் ஒரு முத்திரையைச் சுட்டு வைப்பார்கள். முத்திரை இல்லாத மரம் எல்லை தாண்டக் கூடாது.

இது நல்ல சட்டம். வண்டு புகுந்து நின்றபடியே செத்த காடுகளை நான் பார்த்திருக்கிறேன். என் கோபம் சட்டத்தின் மேல் என்று நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.*

* பின்னே யார் மேல்? இதை எழுதி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிடும் என்று நம்பி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒப்துலியாவுக்கு விசா கிடையாது. அவருடைய மாம்பழம் போகும் இடத்துக்கு அவர் போக முடியாது. முதல் லாரி எல்லை தாண்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பதினெட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் அதே பெயர் கொண்ட இன்னொரு நொகாலெஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். நான் இந்தப் பக்கம், சுங்க ஏஜென்ட் ஃபௌஸ்தோ என்சினாஸின் அலுவலகத்தில். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் இருக்கும். போனை மேசை நடுவில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார் என்சினாஸ். பெரியவர்களை அங்கே மரியாதையாகப் பெண்ணென்றால் 'தோன்யா', ஆணென்றால் 'தோன்' என்பார்கள்.

"தோன்யா, நாலு பேலட்டுல முத்திரை இல்லையாம்."

"இல்லாம எப்படிங்க? பாத்துப் பாத்து வாங்கினேன். ரசீது இருக்கு. இருபத்திரண்டுலயும் இருந்துச்சு."

"பதினெட்டுலதான் இருக்குங்கறாங்க."

"மிச்ச நாலுல இருந்தது றெக்க முளைச்சா பறந்துச்சு?"

"பழம் பறந்தாக்கூட நம்புவேன் தோன்யா. மரத்துல சுட்டது எங்க போகும்? ஊர்ல யாராவது பேலட்ல கை வச்சாங்களா?"

அந்தப் பக்கம் கடையில் யாரோ தட்டு கழுவுவது கேட்டது.

"இருங்க. எலிஹியோவக் கேட்டுட்டு வரேன்."

எலிஹியோ அவருடைய கொழுந்தன். கொட்டகையில் தச்சு வேலை அவருடையது. ஆறு நிமிடம் கழித்துப் போன் வந்தது. ஒப்துலியாவின் குரல் தணிந்திருந்தது.

"அவன்கிட்ட விஷயத்தச் சொல்லல. சும்மா, பேலட்ட எல்லாம் கழுவினியாடான்னு கேட்டேன். 'கழுவுறதென்ன அண்ணி, இழைச்சே விட்டேன். எவனோ சூடு போட்டு வச்சிருந்தான். நம்ம சரக்குக்கு அடியில அடுத்தவன் சூடு இருக்கலாமா? சாப்பாட்டுக்கு முன்னாடி நாலுதான் முடிஞ்சுது, அதுக்குள்ள லாரிக்காரன் வந்து அவசரப்படுத்திட்டான்'னு சொல்றான். மிச்ச பதினெட்டையும் முடிக்கலையேன்னு அவனுக்கு வருத்தம்."

என்சினாஸ் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். முத்திரை இல்லாம வந்து பாத்திருக்கேன். கள்ள முத்திரையோட வந்து பாத்திருக்கேன். நல்ல முத்திரைய இழைச்சு எடுத்துட்டுச் சுத்தமா வந்தத இன்னைக்குத்தான் பாக்கறேன்."

4

எலிஹியோவை நீங்கள் நம்புகிறீர்களா?

இந்தக் கதையின் முதல் பிரதியைப் படித்த நண்பர் நம்பவில்லை. "பதினோரு வருஷம் மாம்பழக் கொட்டகையில வேலை பாத்தவருக்கு அந்த முத்திரை என்னன்னு தெரியாதா? கதைக்காக அப்பாவியாக்கிட்டீங்க" என்றார். எனக்கும் சந்தேகம் வந்தது. எலிஹியோவைக் கொஞ்சம் குடிகாரராக்கிப் பார்த்தேன். ஒரு பிரதியில் நீலப் பெட்டிக் கம்பெனியிடம் கைக்கூலி வாங்கியவராக்கினேன். கதை வேகமாக ஓடியது. ஆனால் இரண்டும் புளுகு. கிழித்தேன்.

இதுதான் உண்மை. எலிஹியோ மாட்டுப் பண்ணைக்காரர் வீட்டில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் மாட்டுக்குச் சூடு போடும் இரும்பு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி. நகராட்சிப் புத்தகத்தில் பதிந்திருக்கும். சூட்டுக்குறி என்றால் சொந்தக்காரன். அடுத்தவன் சூடு உள்ள கன்று உன் பட்டியில் நின்றால் நீ திருடன்; அதற்கு மேல் பேச்சில்லை. எலிஹியோவின் அப்பா ஒருமுறை வழி தவறி வந்த பசுவைத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் நடந்தவர். அப்படி வளர்ந்தவர் கண்ணுக்கு மரத்தில் சுட்ட குறி எப்படித் தெரியும்? அண்ணியின் பெயர் போட்ட முதல் லாரி, அடியில் யாருடைய சூடோ. ஊர் என்ன சொல்லும்?

பதினோரு வருடமும் பேலட்டுகளை நீலப் பெட்டிக் கம்பெனியே அனுப்பியது, கம்பெனி ஆட்களே அடுக்கினார்கள். மெக்சிகோ சரக்குக்கெல்லாம் புது வரி வரப்போகிறது என்ற மிரட்டல் அந்த வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் விலகியிருந்தது. பத்து நாள் அதைப் பற்றியே பேசினோம். தொலைக்காட்சியில் நிபுணர்கள் வரைபடம் காட்டினார்கள். என் பத்திரிகையில் மூன்று தலையங்கம். இந்த முத்திரை எதற்கு என்று இழைப்புளி பிடிக்கிற மனிதரிடம் ஒரு வரி சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அந்தக் கொட்டகையில் அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்தவன் நான்.

(எழுதியதும் 'எனக்கும்தான்' என்பதை அடித்தேன். பிறகு திரும்பச் சேர்த்தேன்.)

5

[இங்கே சாவடியின் வர்ணனை: வெயில் 39 டிகிரி, வரிசை, டீசல் புகை, பக்கத்து விரைவுத் தடத்தில் 'நம்பிக்கைக்குரிய வணிகர்' என்று சான்று பெற்ற நீலப் பெட்டி லாரிகள் நிற்காமல் போவது. அந்தச் சான்று வாங்க எழுபது பக்க விண்ணப்பமும், அதை நிரப்பவே தனியாக ஒரு அலுவலகமும் வேண்டும் என்பது. வேண்டாம். நம்பிக்கை என்ற சொல்லை இப்படிப் பயன்படுத்துபவர்கள் மேல் வரும் கோபத்தில் வாக்கியம் நீளமாகிறது.]

6

பிற்பகல் இரண்டு மணி வரை நேரம் கொடுத்திருந்தார்கள். இரண்டு வழிகள். ஒன்று, லாரி முழுவதும் வந்த வழியே திரும்ப வேண்டும். இன்னொன்று, மனு கொடுத்து, அதிகாரி மனம் வைத்தால், மூடிய கொட்டகையில் அவர் கண்முன்னே அந்த நான்கு பேலட் பழத்தை மட்டும் முத்திரையுள்ள வேறு பேலட்டுகளுக்கு மாற்றலாம்.

திரும்புவது என்றால் முடிந்தது என்று பொருள். மெக்சிகோவுக்குள் போனதும் கதவு சீல் உடையும். சீல் உடைந்த பழம் திரும்ப வர வேண்டுமானால் மறுபடி வெந்நீரில் முக்க வேண்டும். இரண்டாம் குளியலை எந்த மாம்பழமும் தாங்காது.

"மூணு வரி போதும், பத்திரிகைக்காரரே," என்றார் என்சினாஸ். "நான்கு பேலட்டுகளில் முத்திரை காணப்படவில்லை. பழத்தை முத்திரையுள்ள பேலட்டுகளுக்கு மாற்ற அனுமதி கோருகிறோம். நன்றி. தீர்ந்துச்சு. டைப் அடிக்கட்டுமா?"

"ஏன் காணோம்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கறதுக்கு அவங்களுக்கு எங்க நேரம்? பின்னாடி முன்னூறு லாரி நிக்குது. பத்துல ஆறு தடவ விட்டுருவாங்க."

"மிச்சம் நாலு?"

"அந்த நாலும் உங்கள மாதிரி விளக்கம் எழுதினவங்க."

நான் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எழுதுகிற கை நின்றுவிடுகிறது.

போனில் ஒப்துலியா சொன்னார்: "என்சினாஸ், அவரே எழுதட்டும். என்னைப் பத்தி எவ்வளவு அழகா எழுதினாரு. படிக்கறவங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல?"

"தோன்யா, அவர் எழுதினது பத்திரிகைக்கு. இது சாவடிக்கு."

"உண்மையச் சொன்னா என்ன கெட்டுரும்? நாங்க என்ன திருட்டு மரமா கொண்டு வந்தோம்?"

"திருட்டு மரம்னா வழி இருக்கு," என்றார் என்சினாஸ். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் எழுதினேன். நாற்பது நிமிடம். இரண்டாவது பத்தியில் அந்த வாக்கியம். இங்கிலீஷில் அது இன்னும் கச்சிதமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்:

"முத்திரைகள் இருந்தன, மாடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்த தச்சர் ஒருவர், சுட்ட குறி என்றால் சொந்தக்காரரின் குறி என்றே அறிந்தவர், பிறர் குறியோடு தம் வீட்டுச் சரக்கு போகக் கூடாது என்ற நாணயத்தால் அவற்றை இழைத்து நீக்கிவிட்டார்."

எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினேன். என்சினாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அழகா இருக்கு. அனுப்பாதீங்க."

அனுப்பினேன்.

7

மாலை 4.10.

அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும். எங்கள் ஊர்ப் பெண்தான். அவருடைய அம்மா மளிகைக் கடையில் வேலை பார்த்ததுகூட எனக்குத் தெரியும். கொடியவராக எழுத முயன்றேன், வரவில்லை. கையில் என் கடிதம்.

"சார், நீங்களா எழுதினீங்க?"

"ஆமா."

"நல்லா எழுதியிருக்கீங்க. மேலதிகாரி ரெண்டு தரம் வாசிச்சார்."

"அப்ப மாத்தி அடுக்கலாமா?"

"முத்திரை காணோம்னா நானே விட்டிருப்பேன். அந்த அதிகாரம் எனக்கு உண்டு. வேணும்னே எடுத்தாங்கன்னு எழுத்துல வந்துட்டா எனக்கு இல்ல. முழு லாரியும் திரும்பணும்."

"ஏன் எடுத்தாங்கன்னும் எழுதியிருக்கேனே."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல சார்."

"அந்த மரம் சூளையில வெந்த மரம்மா. மத்த பதினெட்டும் அதே சூளை, அதே ரசீது. முத்திரைய இழைச்சா மரத்துக்குள்ள ஏறின சூடு இறங்கிடுமா?"

"இறங்காது," என்றார். பிறகு, என்னை மாதிரி ஒருவரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சலிப்போடு, "ஆனா இறங்கினதா அர்த்தம்" என்றார்.

பக்கத்துத் தடத்தில் மூன்று லாரிகள் போயின. நின்று எண்ணினேன்.

8

முடிவுகள்.

முடிவு அ: நான் எழுதவில்லை. என்சினாஸின் மூன்று வரி போகிறது. நான்கு பேலட் பழம் இடம் மாறுகிறது. வியாழக்கிழமை சிகாகோவின் மொத்தச் சந்தையில் மஞ்சள் பெட்டிகள் இறங்குகின்றன. ஒருவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "புவெல்னாவா? யாரது புதுசா?" என்கிறார். எலிஹியோவுக்கு அடுத்த லாரிக்கு முன்பு யாரோ விளக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அவர் வெட்கத்தோடு சிரிக்கிறார். இந்த முடிவை மிக எளிதாக எழுத முடிந்தது.

முடிவு ஆ: இதை என்சினாஸ் உண்மையாகவே சொன்னார். லாரி திரும்பிச் சொனோராவுக்குள் போவதற்கு முன்பு, வாசலில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தபடி: "அந்தப் பக்கம் ரயில்பாதை ஓரத்துல ஒருத்தன் முத்திரை இரும்பு வச்சிருக்கான். பத்து நிமிஷ வேலை. வரும்போதே அங்க நிறுத்திட்டு வந்திருந்தா இந்நேரம் பழம் டூசான் ஊரத் தாண்டியிருக்கும்." வண்டு செத்ததா என்று கேட்காமல் சுடுகிற இரும்பு அது. அந்தக் கள்ள முத்திரை எல்லையைத் தாண்டும். வெந்த மரத்தில் இருந்த நல்ல முத்திரையை எடுத்த நாணயம் தாண்டாது. இந்த முடிவை எழுத எனக்குக் கை கூசவில்லை, கோபம்தான் வந்தது. அதனால் பாதியில்

முடிவு இ: மேலதிகாரி கடிதத்தை மூன்றாவது தரம் வாசிக்கிறார். — இல்லை. வாசிக்கவில்லை. வாசித்ததாக எழுதினால் அந்தப் படிவத்துக்கு நான் செய்கிற உபகாரம் அது.

9

நடந்தது இது.

ஐந்து மணிக்கு நடந்தே எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். வேலியைத் தாண்ட எனக்கு நான்கு நிமிடம் ஆனது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒப்துலியா கடையின் உள்மேசையில் இருந்தார். முன்னால் முட்டையும் அவரைக்கொட்டையும் தொடாமல் ஆறிக் கிடந்தன. கடைக்காரி காலையிலிருந்து மூன்று தடவை சூடாக்கிக் கொடுத்துவிட்டு நான்காவது தடவை விட்டுவிட்டாளாம்.

"என்ன எழுதினீங்க?" என்றார். செய்தி அதற்குள் தெரிந்திருந்தது.

கடிதத்தை எடுத்து அவர் மொழியில் சொல்லிக் காட்டினேன். அந்த வாக்கியத்தையும். தலையைக் குனிந்து கேட்டார்.

"உண்மையத்தானே எழுதியிருக்கீங்க."

"என்சினாஸ் சொன்னத நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்," என்றார். மழுப்பவில்லை. பிறகு, "எழுதச் சொன்னவ நானில்லையா. அந்தத் தட்ட இப்படித் தள்ளுங்க, வாடை தாங்கல."

தள்ளினேன்.

"ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணுங்க. எலிஹியோவுக்குத் தெரியவே கூடாது. லாரியில கூலர் கெட்டுப்போச்சு, பழம் வெந்துருச்சுன்னு சொல்லப்போறேன். அவன் தெரிஞ்சுக்கிட்டான்னா அந்தக் கொட்டகைப் பக்கமே வரமாட்டான். பெட்டி போச்சு, சரி. மனுஷனையுமா விடுறது?"

சத்தியம் செய்தேன். அதனால்தான் தமிழ். எஸ்குயினாபாவில் இதைப் படிக்க ஆளில்லை. பெயர்களையும் மாற்றிவிட்டேன், உங்களுக்குத் தெரிந்த ஒப்துலியா வேறு யாரோ.

மாம்பழம் மறுநாள் சொனோரா பக்கத்துச் சந்தையில் ஏலம் போனது. ஐயாயிரத்துச் சொச்சம் மஞ்சள் பெட்டிகள் அந்த ஊரில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. போன கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டு வாசலில் பூத்தொட்டிக்கு அடியில் 'புவெல்னா' என்று பார்த்தேன்.

10

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன மாதம் எலிஹியோவிடமிருந்து போன் வந்தது.

"எழுத்தாளரே, நல்லா இருக்கீங்களா? உங்க ஊர்ல அந்தக் கூலர் மெக்கானிக்க யாராவது பிடிச்சுக் கேட்டீங்களா? ஒரு கம்ப்ரசர ஒழுங்கா மாட்டத் தெரியாதவன் எதுக்குத் தொழிலுக்கு வரணும்? எங்க அண்ணி மூணு வருஷம் தூங்கல, தெரியுமா உங்களுக்கு? ஒரு பொறுப்பில்லாத பய பண்ணின வேலைல எல்லாம் போச்சு. என் கையில மாட்டினான்னா இழைப்புளிய வச்சே இழைச்சிருவேன்."

"ஆமா, தோன் எலிஹியோ," என்றேன்.

"நீங்க பேப்பர்ல எழுதக் கூடாதா அவனப் பத்தி?"

"பாக்கறேன்."

"சரி, நல்ல சேதி சொல்றேன். அண்ணி மஞ்சப் பெட்டிய விடல. அடுத்த வருஷம் திரும்ப ஒரு லாரி போட்டுப் பாக்கலாம்னு வாய்விட்டே சொல்லிட்டாங்க. அதான் நானும் சும்மா இருக்கக் கூடாதுன்னு, அவங்க முன்கூட்டியே வாங்கி வச்ச பேலட்ட எல்லாம் எடுத்து ராத்திரி ராத்திரி வேலை பாக்கறேன். நாப்பது முடிச்சுட்டேன். போன தடவ மாதிரி பாதில நிக்காது. ஒண்ணுல கூட எவன் சூடும் கிடையாது. தடவிப் பாத்தீங்கன்னா பட்டு மாதிரி இருக்கும். அவங்ககிட்ட சொல்லிறாதீங்க, லாரி வர்ற அன்னைக்குக் காட்டணும்."

போனை வைத்த பிறகு ஒரு தாளை எடுத்தேன். உண்மையை எழுதி ஒரு பெண்ணின் பெட்டியைக் கெடுத்தவன் நான். எழுதாமல் விட்டால் அடுத்த லாரி இருபத்திரண்டு பேலட்டோடும் திரும்பும். ஒப்துலியாவிடம் சொன்னால் எலிஹியோவிடம் அவர் காரணம் சொல்லியாக வேண்டும். எலிஹியோவிடம் சொன்னால் என் சத்தியம். 'தோன் எலிஹியோ, அந்தக் குறி' என்று தொடங்கிய வரி என் மேசையில் மூன்று வாரமாக அப்படியே இருக்கிறது.

நீங்கள் எழுதுங்கள். அவருக்கோ அவர் அண்ணிக்கோ, யாருக்கு என்பதும் உங்கள் முடிவு. மூன்று வரிக்கு மேல் வேண்டாம்.

11

இந்தப் பருவத்தில் ஒப்துலியா புவெல்னாவின் கொட்டகையிலிருந்து முப்பத்தொரு லாரி மாம்பழம் நொகாலெஸ் வழியாக எல்லையைக் கடந்தது. எல்லாம் நீலப் பெட்டிகள். பேலட்டுகளைக் கம்பெனியே அனுப்பியது. ஒரு லாரியும் நிறுத்தப்படவில்லை.